ஜீப் ஆக்சிலில் பெயர் இருக்கும் 'ஸ்பைசர்' யார்? படிப்பை பாதியில் விட்டு, கார்களின் அடிப்பாகத்தை மாற்றியவரின் கதை

பெரம்பலூர் மாவட்டம், வெள்ளாற்றின் தென்கரையில் இருக்கும் பேரூர் லப்பைக்குடிக்காடு. எதிர்க்கரையில் கடலூர் மாவட்டத்தின் திட்டக்குடி. மக்காச்சோளம், பருத்தி, சின்ன வெங்காயம் விளையும் பூமி இது. மண் ரோடு, ஆற்று மணல், தார் ரோடு என மூன்றிலும் ஓட வேண்டிய வண்டிகளுக்கு இங்கே எப்பவும் வேலை உண்டு.

இப்படிப்பட்ட ஊர்களில் பழைய ஜீப் வைத்திருப்பவர்களுக்கு ஒரு பிரச்னை நன்றாகத் தெரியும். பின் ஆக்சிலில் 'ங்ஙொய்' என்று சத்தம் வரும். மெக்கானிக் பிரித்துப் பார்த்து, கிரவுன் பினியன் போய்விட்டது என்பார். பழைய இரும்புக் கடையில் இருந்து வேறு ஒரு கிரவுன் பினியன் வாங்கி மாட்டுவார்கள். பார்த்தால் அச்சு அசல் அதே மாதிரிதான் இருக்கும். ஆனா வண்டி முன்னைவிட மோசமாக சத்தம் போடும். சில நேரம் பல்லே உடைந்துவிடும்.

ஏன் இப்படி நடக்கிறது? அதற்கான விடையைத் தேடிப் போனால், 1939-லேயே இறந்துபோன ஒரு அமெரிக்க இன்ஜினியரின் வாழ்க்கைக் கதை கிடைக்கிறது. அவர் பெயர் கிளாரன்ஸ் வின்ஃப்ரெட் ஸ்பைசர். உலகம் முழுக்க ஜீப்களின் ஆக்சிலில் இருக்கும் 'ஸ்பைசர்' என்ற பெயர் இவருடையதுதான்.

யார் இந்த ஸ்பைசர்?

1875-ம் ஆண்டு நவம்பர் மாதம், அமெரிக்காவின் இல்லினாய்ஸ் மாநிலத்தில் பிறந்தவர் ஸ்பைசர். அப்பாவுக்கு பால் தொழில். பாலில் இருந்து வெண்ணெய் எடுக்கும் இயந்திரங்களோடுதான் சின்ன வயசு ஓடியது. இயந்திரம் நின்றுபோனால் பால் கெட்டுவிடும். அதனால் ரிப்பேர் வேலையை உடனுக்குடன் செய்தாக வேண்டும். ஸ்பைசருக்கு முதல் பட்டறை அதுதான்.

அவருடைய குடும்பம், சனிக்கிழமையை ஓய்வு நாளாகவும் வழிபாட்டு நாளாகவும் கடைப்பிடிக்கும் ஒரு சிறிய கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்தது. நியூயார்க் மாநிலத்தில் அந்தப் பிரிவினர் நடத்திய ஆல்ஃப்ரெட் என்ற ஊரின் பள்ளிக்கு ஸ்பைசர் படிக்கப் போனார். பிறகு அப்பாவின் தொழிலுக்கே திரும்பினார். கல்யாணமும் ஆனது.

இருபத்தைந்து வயதை நெருங்கும்போது, குடும்பஸ்தராக மறுபடியும் படிக்கக் கிளம்பினார். இந்த முறை போனது கார்னெல் பல்கலைக்கழகம். எடுத்த படிப்பு மெக்கானிக்கல் இன்ஜினியரிங்.

சைக்கிள் செயினில் ஓடிய கார்கள்

ஸ்பைசர் கார்னெலில் படித்த காலத்தில், கார் என்பதே புதுசு. இன்ஜின் சுற்றும் வேகத்தை பின் சக்கரத்துக்குக் கொண்டு போக, அன்றைய பல கார்களில் இருந்தது செயின்தான். சைக்கிளில் இருக்கும் அதே தத்துவம். அளவு மட்டும் பெரிசு.

செயினில் என்ன கஷ்டம்? சத்தம் அதிகம். புழுதியும் சேறும் ஏறும். மசகு எண்ணெய் நிற்காது. சீக்கிரம் தளர்ந்து, ஓடும்போதே கழன்று விழும்.

கல்லூரியில் ஒரு காரை வடிவமைக்கும் வேலையில் ஸ்பைசர் இறங்கினார். செயின் வேண்டாம், நேராக ஒரு இரும்புத் தண்டைப் போட்டு சக்தியைக் கடத்தலாம் என்று யோசித்தார். இன்று நம் லாரி, பஸ்களுக்கு அடியில் சுற்றுகிறதே, அந்த ஜாயிண்ட் ஷாஃப்ட்தான் அது.

ஆனால் ஒரு சிக்கல். இன்ஜினும் கியர் பாக்ஸும் சேசிஸோடு இறுகி நிற்கும். பின் ஆக்சில் ஸ்பிரிங் மேல் உட்கார்ந்து, மேடு பள்ளத்தில் மேலும் கீழும் ஆடும். நடுவில் போகும் தண்டு வளையாத இரும்பாக இருந்தால், முதல் பள்ளத்திலேயே முறிந்துவிடும். தண்டு சுற்றவும் வேண்டும், கோணம் மாறவும் வேண்டும்.

அதற்கான தத்துவம் ஏற்கெனவே இருந்தது. கூட்டல் குறி வடிவத்தில் ஒரு இரும்புத் துண்டு, அதன் நான்கு முனைகளில் இரண்டு தண்டுகளின் பிடிகள். மெக்கானிக்குகள் 'கிராஸ்' என்று சொல்லும் யுனிவர்சல் ஜாயிண்ட். இத்தாலியின் கார்டானோ, இங்கிலாந்தின் ராபர்ட் ஹூக் ஆகியோரின் பெயர்கள் நூற்றாண்டுகளாக இதோடு சேர்த்துச் சொல்லப்படுகின்றன. ஆனா ரோட்டில், புழுதியில் ஓடும் காருக்கு அது தாக்குப்பிடிக்கவில்லை. மண் புகுந்து, கிரீஸ் வெளியேறி தேய்ந்துபோனது.

ஸ்பைசர் செய்தது இதைத்தான்: அந்த ஜாயிண்டை ஒரு உறைக்குள் அடைத்தார். உள்ளே இருக்கும் மசகு வெளியே போகாது, வெளியே இருக்கும் மண் உள்ளே வராது. கேட்பதற்கு சின்ன விஷயம். ஆனா கார் தொழிலில் செயினை வீட்டுக்கு அனுப்பிய மாற்றங்களில் முக்கியமானது இது. 1903-ல் இதற்குக் காப்புரிமை கிடைத்தது.

பட்டம் வேண்டாம், பட்டறை போதும்

காப்புரிமை விஷயம் வெளியே தெரிந்ததும் கார் கம்பெனிகள் விசாரிக்க ஆரம்பித்தன. ஸ்பைசர் முன்னால் இரண்டு வழி. படிப்பை முடித்து பட்டம் வாங்குவதா, கையில் இருக்கும் கண்டுபிடிப்பை உடனே தயாரிப்பதா?

அவர் பட்டம் வாங்காமலேயே கார்னெலை விட்டு வெளியேறினார். மனைவி, குடும்பம் என்று இருந்த ஒருவருக்கு இது சாதாரண முடிவு இல்லை.

1904-ல் நியூஜெர்சி மாநிலம் பிளெயின்ஃபீல்டில், அச்சு இயந்திரம் செய்யும் ஒரு தொழிற்சாலையில் இடம் பிடித்து உற்பத்தியைத் தொடங்கினார். முதல் ஜாயிண்டுகள் கார்பின் என்ற கார் கம்பெனிக்குப் போனதாகச் சொல்லப்படுகிறது. அடுத்தடுத்து பியூக், மேக் போன்ற பெரிய பெயர்கள் வாடிக்கையாளர்கள் ஆனார்கள்.

கம்பெனி இருந்தது, பணம் இல்லை

ஆர்டர் வருவது வேறு, கம்பெனி நடத்துவது வேறு. ஸ்பைசர் இன்ஜினியர். இயந்திரம் பேசுவது அவருக்குப் புரியும். கணக்கும் கடனும் அவருடைய பலம் இல்லை. தொழிற்சாலை பெரிதாகப் பெரிதாக பண நெருக்கடியும் பெரிதானது.

1914-ல் அந்தக் கம்பெனிக்குள் வந்தார் சார்லஸ் டானா. நியூயார்க்கைச் சேர்ந்த வக்கீல், அரசியல் அனுபவமும் உள்ளவர். பணம் போட்டார். சில ஆண்டுகளில் நிர்வாகமே அவர் கைக்குப் போனது.

தான் உருவாக்கிய கம்பெனியில் தலைவர் நாற்காலியை இன்னொருவருக்கு விட்டுக்கொடுத்தார் ஸ்பைசர். ஆனால் கோபித்துக்கொண்டு வெளியேறவில்லை. பொறியியல் பக்கத்தைப் பார்த்துக்கொண்டு கடைசி வரை அங்கேயே இருந்தார். டானா பணத்தையும் வியாபாரத்தையும் பார்த்தார். இந்தக் கூட்டணி கம்பெனியைக் காப்பாற்றியது.

ஆக்சில் எப்போது வந்தது?

1919-ல் சாலிஸ்பரி ஆக்சில் என்ற கம்பெனியை ஸ்பைசர் நிறுவனம் வாங்கியது. அதுவரை ஜாயிண்ட் செய்தவர்கள், அந்த ஜாயிண்ட் போய்ச் சேரும் ஆக்சிலையும் செய்யத் தொடங்கினார்கள். 1920-களின் கடைசியில் தலைமையிடம் ஒஹாயோ மாநிலத்தின் டொலிடோ நகருக்கு மாறியது.

டொலிடோவில்தான் வில்லிஸ் ஓவர்லேண்ட் கார் கம்பெனியும் இருந்தது. பிற்காலத்தில் ஜீப் செய்யப்போகும் அதே வில்லிஸ்.

ஸ்பைசர் 1939 நவம்பரில் காலமானார். அடுத்த ஆண்டு, இரண்டாம் உலகப் போருக்காக அமெரிக்க ராணுவம் ஒரு சின்ன நான்கு சக்கர இழுவை வண்டி கேட்டது. பாண்டம் கம்பெனி 1940-ல் செய்த முதல் மாதிரியிலேயே இருந்தது ஸ்பைசர் ஆக்சில். பிறகு வில்லிஸும் ஃபோர்டும் சேர்ந்து 6 லட்சத்துக்கும் மேற்பட்ட ஜீப்களைச் செய்தன. அவற்றுக்கும் ஸ்பைசர் வடிவமைப்புதான்.

தன் பெயரை உலகம் முழுக்கக் கொண்டுபோன வண்டியை ஸ்பைசர் கண்ணால் பார்க்கவே இல்லை.

இந்தியாவுக்கு வந்தது எப்படி?

போர் முடிந்ததும் ராணுவம் கழித்துவிட்ட ஜீப்கள் இந்தியாவில் தனியார் கைக்கு வந்தன. இன்னொரு பக்கம், 1945-ல் தொடங்கப்பட்ட மஹிந்திரா நிறுவனம், 1947-ல் இருந்து வில்லிஸ் ஜீப்களை உதிரிபாகங்களாகக் கொண்டுவந்து பம்பாயில் இணைத்தது. பிறகு இங்கேயே தயாரித்தது. சிஜே-3பி வகை ஜீப் பல பத்தாண்டுகள் நம் ஊர் ரோடுகளில் ஓடியது.

பிரச்னை ஆரம்பிப்பதும் இங்கேதான்.

4.88-ஆ, 5.38-ஆ? சின்ன எண், பெரிய வித்தியாசம்

ஜாயிண்ட் ஷாஃப்ட்டின் முனையில் இருக்கும் சின்ன பல்சக்கரம் பினியன். அது சுற்றும் பெரிய பல்சக்கரம் கிரவுன். கிரவுனின் பல்லை பினியனின் பல்லால் வகுத்தால் வருவதுதான் ஆக்சில் விகிதம்.

போர்க்கால ராணுவ ஜீப்பில் விகிதம் 4.88. அதாவது கிரவுனில் 39 பல், பினியனில் 8 பல். போருக்குப் பிறகு விவசாயத்துக்கும் பொதுமக்களுக்கும் வந்த ஜீப்பில் 5.38. கிரவுனில் 43 பல், பினியனில் 8 பல். எண் கூடினால் இழுவை கூடும், ஆனால் அதே வேகத்துக்கு இன்ஜின் அதிகமாகச் சுற்ற வேண்டும்.

உதாரணமாக, பெரம்பலூர் வழியாகப் போகும் சென்னை - திருச்சி நெடுஞ்சாலையில் ஒரு பழைய ஜீப் டாப் கியரில் 80 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது என்று வைத்துக்கொள்வோம். ஜீப்பின் பழைய 16 இன்ச் டயருக்குக் கணக்குப் போட்டால், 4.88-ல் இன்ஜின் நிமிடத்துக்கு சுமார் 2,950 சுற்று ஓடும். 5.38-ல் சுமார் 3,250. பழைய டீசல் இன்ஜின் மாற்றிப் போட்ட ஜீப்பில் இந்த 300 சுற்றுக்கே இன்ஜின் கதறும்.

அதனால்தான் பலர் பின் ஆக்சிலை மட்டும் வேறு விகிதத்துக்கு மாற்றுகிறார்கள். அங்கேதான் ஆபத்து.

முன்னும் பின்னும் வேறு வேறு விகிதம் இருந்தால் என்ன ஆகும்?

நான்கு சக்கர இழுவையைப் போட்டதும், இந்தப் பழைய ஜீப்களில் முன் ஷாஃப்ட்டும் பின் ஷாஃப்ட்டும் டிரான்ஸ்ஃபர் கேஸில் ஒன்றாகப் பூட்டிக்கொள்ளும். இரண்டும் ஒரே வேகத்தில்தான் சுற்றும்.

ஷாஃப்ட் 100 சுற்று சுற்றினால், 4.88 ஆக்சிலில் சக்கரம் சுமார் 20 அரை சுற்று போகும். 5.38 ஆக்சிலில் சுமார் 18.6 சுற்றுதான். ஒரே வண்டி, ஒரே ரோடு. முன் சக்கரம் ஒரு தூரம் போகச் சொல்கிறது, பின் சக்கரம் வேறு தூரம் போகச் சொல்கிறது.

வெள்ளாற்று மணல் மாதிரி இளகிய தரையில் டயர் வழுக்கி இந்த வித்தியாசத்தை விழுங்கிவிடும். அதனால் டிரைவருக்கு ஒன்றும் தெரியாது. ஆனா மணலைத் தாண்டி தார் ரோட்டில் ஏறியதும் டயர் வழுக்காது. முறுக்கம் முழுவதும் ஷாஃப்ட், ஜாயிண்ட், கியர் பற்களில் சேரும். லிவரை இழுத்தாலும் வராது. எங்கே பலவீனமோ அங்கே உடையும்.

சரி, கூண்டு ஏன் பொருந்துவதில்லை?

இனி முதலில் கேட்ட கேள்விக்கு வரலாம். அதே கம்பெனி, அதே மாடல் ஆக்சில், அப்படியும் கிரவுன் பினியன் ஏன் பொருந்துவதில்லை?

கிரவுன் தனியாக நிற்பதில்லை. டிஃபரன்ஷியல் கேரியர் என்ற கூண்டின் மேல் போல்ட் போட்டு இறுக்கப்பட்டிருக்கும். வண்டி திரும்பும்போது உள் சக்கரம் மெதுவாகவும் வெளிச் சக்கரம் வேகமாகவும் சுற்ற வழிசெய்யும் சின்ன பல்சக்கரங்கள் இந்தக் கூண்டுக்குள்தான் இருக்கின்றன.

பினியன் நிற்கும் இடம் ஹவுசிங்கில் நிலையானது. அதை நகர்த்த முடியாது. விகிதம் குறைந்தால் பினியனுக்குப் பல் அதிகம், அதன் தலை பெரிசு. விகிதம் கூடினால் பினியன் தலை சிறுசு. பெரிய தலைக்கு இடம் விட கிரவுன் தள்ளி நிற்க வேண்டும். சின்னத் தலையைத் தொட கிரவுன் நெருங்கி வர வேண்டும்.

இந்த இடைவெளி எல்லா விகிதத்துக்கும் ஒரே கூண்டில் சரிவராது. அதனால் ஒரே ஆக்சில் மாடலுக்கு இரண்டு வகைக் கூண்டு செய்தார்கள். ஜீப் உட்பட பல வண்டிகளில் வந்த டானா 44 என்ற ஆக்சிலில், 3.73 வரை ஒரு கூண்டு, 3.92-ல் இருந்து மேலே வேறு கூண்டு. டானா 30-ல் 3.54 வரை ஒன்று, 3.73-க்கு மேல் இன்னொன்று. டானா 60-ல் 4.10 வரை ஒன்று, 4.56-க்கு மேல் ஒன்று.

3.73-க்கான கூண்டில் 4.10 கிரவுனை மாட்டினால், கிரவுன் பினியனை எட்டாது. பல் நுனியில் மட்டும் உரசும். தலைகீழாகச் செய்தால் கிரவுன் பினியனில் முட்டி, சுற்றவே சுற்றாது. கண்ணால் பார்த்தால் இரண்டு கூண்டும் ஒன்று போலத்தான் இருக்கும். மெக்கானிக்கும் உரிமையாளரும் ஏமாறுவது இதனால்தான்.

4.88-ம் 5.38-ம் இரண்டுமே அதிக விகிதப் பக்கம் வருபவை. அதனால் அவற்றுக்கு இடையே கூண்டு எல்லை குறுக்கே வராது. முன் பின் விகிதம்தான் பார்க்க வேண்டியது. ரோடு வேகத்துக்காக 3.73 மாதிரி குறைந்த விகிதத்துக்குப் போகும்போதுதான் கூண்டும் சேர்ந்து மாற வேண்டும்.

பழைய ஆக்சில் வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும்?

* கிரவுனின் ஓரத்தில் பல் எண்ணிக்கை அடித்திருக்கும். 43, 8 என்று இருந்தால் 5.38. 39, 8 என்றால் 4.88. 41, 10 என்றால் 4.10. 41, 11 என்றால் 3.73.

* கிரவுனிலும் பினியனிலும் ஒரே ஜோடி எண் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இரண்டையும் சேர்த்து ஓட்டித்தான் தொழிற்சாலையில் பல்லைப் பதப்படுத்துவார்கள். ஒரு ஜோடியின் கிரவுனும் இன்னொரு ஜோடியின் பினியனும் சேர்ந்தால் சத்தம் நிற்கவே நிற்காது.

* பிரிக்காமலும் விகிதம் பார்க்கலாம். வண்டியை நியூட்ரலில் நிறுத்தி, மற்ற சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, ஒரு பின் சக்கரத்தை மட்டும் தூக்க வேண்டும். தூக்கிய சக்கரத்தை இரண்டு சுற்று சுற்றினால், ஷாஃப்ட் எத்தனை சுற்று சுற்றுகிறதோ அதுதான் விகிதம். ஐந்தேகால் சுற்றைத் தாண்டினால் 5.38, ஐந்துக்குக் கொஞ்சம் குறைந்தால் 4.88.

* முன் ஆக்சிலையும் இதே மாதிரி சோதிக்க வேண்டும். இரண்டும் ஒன்றாக இல்லையென்றால் நான்கு சக்கர இழுவையைப் போடவே கூடாது.

* பொருத்தும்போது பல்லுக்கும் பல்லுக்கும் நடுவே விடும் இடைவெளி, ஒரு அங்குலத்தின் ஆயிரத்தில் சில பங்குதான். அதை சிம் தகடு போட்டு, டயல் கேஜ் வைத்து அளக்க வேண்டும். கை ஆட்டத்தை வைத்துச் சொல்வது போதாது.

* பழைய சிம்களைத் தூக்கிப் போடக் கூடாது. எந்தப் பக்கம் எத்தனை இருந்தது என்று குறித்து வைத்தால் பாதி வேலை முடிந்த மாதிரி.

கம்பெனிக்கு ஒரு பெயர், பொருளுக்கு ஒரு பெயர்

ஸ்பைசர் இறந்து ஏழு ஆண்டுகள் கழித்து, 1946-ல் அந்த நிறுவனத்தின் பெயர் டானா கார்ப்பரேஷன் என்று மாறியது. ஆக்சில் மாடல்களையும் டானா 30, டானா 44, டானா 60 என்றே உலகம் அழைக்கிறது. கம்பெனியைக் காப்பாற்றிய வக்கீலின் பெயர் அது. அவர் 1975 வரை வாழ்ந்தார்.

ஆனால் ஜாயிண்டிலும் ஆக்சில் பாகங்களிலும் 'ஸ்பைசர்' என்ற பெயர் போகவில்லை. இன்றும் அந்தப் பெயரில் உதிரிபாகங்கள் விற்கின்றன, இந்தியாவிலும்தான்.

புழுதி புகாமல் ஒரு உறையை மூடியதுதான் ஸ்பைசரின் கண்டுபிடிப்பு. எந்தப் பாகம் எதோடு சேரும், நடுவே எவ்வளவு இடைவெளி என்று பார்த்துப் பார்த்துச் செய்ததால் அது நிலைத்தது. அவர் பெயர் போட்ட ஆக்சிலைத் திறக்கும்போதும் அதே கவனம்தான் தேவை. அடுத்த முறை பழைய இரும்புக் கடையில் கிரவுன் பினியன் வாங்கும்போது, விலை கேட்பதற்கு முன்னால் அதன் ஓரத்தில் இருக்கும் எண்ணைத் துடைத்துப் பார்ப்பது நல்லது.